கொழுந்து காயினுக்கு உயிர் இருக்கிறதா?

ஸ்பிரிங்வெளி,
09.03.2025, ஞாயிறு

என்னைவிட ஒரு காயின் மேல் அதிகப் பிரியம் வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

இனிமேல் கடிதம்தான். நேற்று போனில் நான் அப்படிச் சொன்னதை விளையாட்டு என்று நினைத்திருப்பீர்கள். காலையிலிருந்து ஏழு தடவை அடித்துவிட்டீர்கள், நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். நான் பேசப் பேச நீங்கள் அந்தப் பக்கம் விலைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு "ம், ம்" என்கிறீர்கள். பிள்ளை தனுஜாவுக்குக் காய்ச்சல் என்றேன், "நல்லது" என்றீர்கள். கடிதம் எழுதும்போது ஒரு ஆளால் அந்தக் கூத்தெல்லாம் செய்ய முடியாது. பேனையைப் பிடிக்க ஒரு கை, தாளைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

இதை பஸ் கண்டக்டர் சுரேஸ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் பதிலையும் அவனிடமே கொடுங்கள். சோற்றுப் பருக்கை வைத்து நன்றாக ஒட்டுங்கள், அவன் பிரித்துப் படிக்கிற ஆள்.

விஷயத்துக்கு வருகிறேன். நமக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் சுவர் எழும்பி நிற்கிறது, மேலே கூரை இல்லை. நேற்றுப் பெய்த மழையில் நம் குசினிக்குள் அடுப்படியில் ஒரு தவளை குடிவந்துவிட்டது. கூரைக்கென்று நான்கு வருஷம் சேர்த்ததில் பாதியை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொழுந்து காயின் என்கிற அந்தக் கிரிப்டோக் காசில் போட்டீர்கள். சரி, போட்டது போட்டதுதான். மீதி என் பேரில் வங்கியில் கிடக்கிறது. இப்போது அதையும் கேட்கிறீர்கள். பழைய காயினைப் புதுக் காயினாக மாற்ற மேற்கொண்டு பணம் கட்ட வேண்டுமாம், ஏப்ரல் முப்பதுக்குள் கட்டாவிட்டால் பழையதும் போய்விடுமாம்.

நீங்கள் போட்டது போதாதென்று இந்தத் தோட்டத்தில் பதினொரு பேரைப் போட வைத்தீர்கள். டிசம்பரில் நூறு ரூபாய்க் காயின் நான்கு ரூபாய்க்கு விழுந்தபோது அவர்கள் பதறிப்போய் வந்தார்கள். நீங்கள் சொன்ன பதில் இன்றைக்கும் லயத்து வீடுகளில் எல்லார் வாயிலும் இருக்கிறது. "இது விழுகலண்ணே, கவ்வாத்து. வெட்டி விட்டிருக்கான். தொண்ணூறு நாள் பொறுங்க, கொழுந்து வரும்." நம் சனம் தேயிலைக்குள் பிறந்து வளர்ந்த சனம். கவ்வாத்து வெட்டிய மலை மொட்டைக் கட்டையாக நிற்பதையும், மூன்று மாதத்தில் அதே கட்டையில் துளிர் வருவதையும் வருஷா வருஷம் பார்க்கிறவர்கள். அந்த ஒரு சொல்லில் அத்தனை பேரும் அடங்கிப் போனார்கள். இதே கதையைக் கொழும்பில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

தொண்ணூறு நாள் இந்த மாதத்தோடு முடிகிறது. அதனால் ஒரே ஒரு கேள்வி. அந்தக் காயின் வாடியிருக்கிறதா, செத்துவிட்டதா? வாடித்தான் இருக்கிறது என்றால் மீதிக் காசையும் தருகிறேன், தனு மேல் சத்தியம். செத்துவிட்டது என்றால் கூரை போடுவோம்.

வியாழக்கிழமை பௌர்ணமி, போயா லீவுக்கு வருவீர்கள்தானே? வந்து ஆறு வாரமாகிறது.

கோபத்தோடு, ஆனாலும் உங்கள்,
சிவசக்தி


வெலிமடை,
13.03.2025, போயா

அன்புள்ள சக்தி,

முதலில் தனுவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது. "நல்லது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய், எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. மன்னித்துக்கொள்.

இன்றைக்கு வர முடியவில்லை. லீக்ஸ் லொறி மூன்று ஒன்றாக வந்துவிட்டது. நிறுக்க என்னை விட்டால் ஆள் கிடையாது என்று ஸரூக் முதலாளி சொல்லிவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, மரக்கறிக் கடையில் தராசுக்காரன் ஒரு நாள் இல்லாவிட்டால் கடையே நின்றுவிடும்.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அது சாகவில்லை சக்தி. நான் ஒன்றும் தெரியாமல் பேசுகிறவன் இல்லை, ராப்பகலாக அதைத்தான் பார்க்கிறேன். அந்தக் காயினுக்கு டெலிகிராமில் குழு இருக்கிறது, இருபத்து நாலாயிரம் பேர். விடிந்தால் "காலை வணக்கம் கொழுந்துக் குடும்பமே" என்று ஒரு பூப்படம் வரும். அதற்கு நூறு பேர் கும்பிடுவார்கள், நூறு பேர் ராக்கெட் விடுவார்கள். அவர்களுடைய இணையப் பக்கத்தைத் திறந்தால் பச்சைப்பசேலென்று தேயிலை மலை, மேலே மேகம் கூட அசைகிறது. செத்த சாமானுக்கு யாராவது இவ்வளவு அலங்காரம் செய்வார்களா?

கவ்வாத்து என்று நான் சும்மா சொல்லவில்லை. என் அப்பா இருபத்தாறு வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். வெட்டும்போது பார்க்கிறவனுக்கு வயிறு எரியும், வெட்டாவிட்டால் செடி கெட்டுப்போகும் என்பார். உலகத்தில் எல்லாக் காயினும் ஒரு தடவை விழுந்து எழும்பியதுதான். பயந்து விற்றவன் அழுதான், பிடித்துக்கொண்டிருந்தவன் வீடு கட்டினான்.

நமக்கும் ஒரு வீடு கட்டத்தானே இதெல்லாம். தகரக் கூரை என்ன, நான் உனக்கு ஓட்டுக் கூரையே போட்டுத் தருகிறேன், பார்.

போனை எடு சக்தி. எழுதிக் கை வலிக்கிறது.

உன்,
நிமலன்

பி.கு.: கோபித்துக்கொள்ளாதே, உனக்குப் பிடிக்கும் என்று பிஞ்சுக் கேரட் இரண்டு கிலோ சுரேஸிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு கிலோவும் வந்ததா என்று நிறுத்துப் பார்.


ஸ்பிரிங்வெளி,
18.03.2025

ஓட்டுக் கூரைக்காரருக்கு,

கேரட் ஒன்றரைக் கிலோ வந்தது. மீதி அரைக் கிலோ கண்டக்டர் கூலி போலிருக்கிறது. தனு நன்றாக இருக்கிறாள், நேற்றிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். கை வலிக்கிறது என்று எழுதியதைப் படித்துச் சிரித்தேன். ஒரு நாளைக்கு இருபது கிலோ கொழுந்து எடுக்கிற எனக்கு வலிக்காத கை உங்களுக்கு வலிக்கிறதா?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்புறம் ஒன்று தோன்றியது. நீங்கள் கவ்வாத்துக்காரர் மகன்தான், ஆனால் கவ்வாத்து மலையில் ஒரு நாளும் வேலை செய்தவர் இல்லை. பள்ளிக்கூடம், அப்புறம் பதுளையில் டியூட்டரி, அப்புறம் வெலிமடை. தூரத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள். நான் போன வாரம் முழுக்க ஆறாம் நம்பர் மலையில்தான் நின்றேன், டிசம்பரில் வெட்டிய மலை. வெட்டி முடிந்ததும் அதை யாரும் சும்மா விட்டுவிட்டுப் போவதில்லை. கட்டையில் ஒட்டிய பாசியைச் சுரண்ட ஆள் போகிறது. முள்ளுக் குத்தி மண்ணை இளக்க ஆள் போகிறது. வெட்டிய வாதுகளை வரிசையில் பரப்ப, தண்ணீர்க் கான் வெட்ட, உரம் போட என்று தினமும் காலைப் பெரட்டில் அந்த மலைக்குப் பெயர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிறார்கள். சாயந்தரம் கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் அத்தனை பேருக்கும் அன்றைய கூலிக்குப் பேர் விழுகிறது. இலை ஒன்று கூட இல்லை, ஆனால் இந்தத் தோட்டத்திலேயே அதிகம் வேலை நடப்பது அங்கேதான்.

இன்னொன்றும் பாருங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டுத் தோட்டம் கிடக்கிறதே, சொந்தக்காரர் எங்கேயோ போய் பதினைந்து வருஷமாகிறது. விறகுக்குப் போனபோது பார்த்தேன். எவ்வளவு பச்சை தெரியுமா? தேயிலை ஒவ்வொன்றும் மரமாகி என் தலைக்கு மேலே நிற்கிறது, பூவும் காயுமாக. புதிதாக வருகிறவன் அதைத்தான் நல்ல தோட்டம் என்பான். பன்றியும் அட்டையும் தவிர அங்கே ஒரு சீவன் கிடையாது.

பூப்படத்தையும் மேகத்தையும் எனக்கு எழுதாதீர்கள். அந்தக் காயினில் இன்றைக்கு யாருக்குப் பேர் விழுகிறது? யார் பாசி சுரண்டுகிறான், யார் முள்ளுக் குத்துகிறான்? அதைப் பார்த்து எழுதுங்கள். உங்களுக்கே பார்க்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள். கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

போயாவுக்கு லீக்ஸ் லொறி மூன்று வந்தது என்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் கடை பூட்டியிருந்தது என்று சுரேஸ் சொல்கிறான். அவன் பொய் சொல்லுகிறானா, நீங்களா என்று நான் கேட்கவில்லை.

உங்கள்,
சக்தி


வெலிமடை,
22.03.2025

சக்தி,

சுரேஸுக்குக் கேரட்டும் கொடுத்து அவன் வாயில் நானும் விழ வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டர் விஷயத்தைக் கொழுந்துக் கூடைக்குள் போட்டுப் பார்க்காதே. அது வேறு, இது வேறு. பேர் போடக் கணக்கப்பிள்ளை அங்கே எங்கே இருக்கிறார்?

இப்போது எழுத மனதில்லை. பிறகு எழுதுகிறேன்.

நிமலன்


வெலிமடை,
02.04.2025

அன்புள்ள சக்தி,

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். போன கடிதத்தை எரித்துவிடு. அனுப்பிய பிறகுதான் யோசித்தேன், கவ்வாத்தையும் கொழுந்தையும் இந்தக் கதைக்குள் கொண்டுவந்தவனே நான்தானே. நான் கொண்டுவரலாம், நீ கொண்டுவரக் கூடாதா? இரண்டு நாள் தராசு முன்னால் நின்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பஸீலிடம் போனேன்.

பஸீலை உனக்குத் தெரியாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன், என் வயதுதான், நோன்பு முடிகிற நேரமாகப் பார்த்துப் போய்க் கஞ்சியும் குடித்துவிட்டு வருவேன். அவனும் காயின்களில் காசு விட்டவன், அதனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தக் காயினில் யாருக்குப் பேர் விழுகிறது என்று என் பெண்சாதி கேட்கிறாள் என்றேன். அவன் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அது கணக்கப்பிள்ளை இல்லாத இடம் இல்லை, எவரும் பார்க்கக்கூடிய செக்ரோல் ஒன்று இருக்கிறது என்றான்.

உண்மைதான் சக்தி. இந்த மாதிரிக் காயின்களுக்கு வேலை செய்கிறவர்கள் எந்தத் தேதியில் எதைத் திருத்தினார்கள் என்று பொதுவான ஒரு பக்கத்தில் பதிவாகும். இத்தனை மாதத்தில் நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே கிடையாது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பஸீல் திறந்து காட்டினான். கடைசிப் பதிவு போன வருஷம் ஜூலை பதினொன்று. எட்டு மாதத்துக்கு மேலாக ஒரு எழுத்து மாறவில்லை. அதாவது விலை விழுவதற்கு ஐந்து மாதத்துக்கு முன்னாலேயே அத்தனை பேரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவன் தான் வைத்திருக்கும் வேறொரு காயினைக் காட்டினான். அது நம்முடையதைவிட மோசமாக விழுந்தது. ஆனால் அதன் பதிவில் நேற்றைய தேதி இருக்கிறது, முந்தாநாள் தேதி இருக்கிறது. ஆட்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள், பிழை பிடிக்கிறார்கள், திருத்துகிறார்கள். அதுதான் வாடியது, பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்றான்.

நம்முடையதை வாங்கி விற்க ஐந்து இணையச் சந்தைகள் இருந்தன. நான்கு அதன் பெயரையே எடுத்துவிட்டன. மிஞ்சியிருக்கும் ஒன்றில் என் காயினில் நூறை விலைக்குப் போட்டுப் பார்த்தோம். நான்கு ரூபாய் என்றுதானே அங்கே விலை காட்டுகிறது? நான்குக்குப் போட்டோம், இரண்டுக்குப் போட்டோம், கடைசியில் ஐம்பது சதத்துக்குப் போட்டோம். மூன்று நாள் கிடந்தது, எடுக்க ஆளில்லை. நான் காலை எழுந்ததும் பார்த்து மனதுக்குள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அந்த நான்கு ரூபாய், எவனோ ஜனவரியில் கடைசியாகக் கொடுத்த விலை. அப்படியே பலகையில் நின்றுபோயிருக்கிறது.

பிறகு குழுவில் நானே கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன், வேலை செய்கிறவர்கள் யார், கடைசியாக எப்போது வேலை நடந்தது என்று. நான்கு நிமிஷத்தில் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். எட்டு மாதத்தில் அங்கே சுறுசுறுப்பாக நடந்த ஒரே வேலை அதுதான் என்று நினைக்கிறேன். காலை வணக்கம் சரியாக ஆறு மணிக்கு, ஒரு விநாடி கூடக் குறையாமல் வருகிறதே என்று நான் பெருமைப்பட்டிருந்தேன். மெஷின் அனுப்புகிறது என்று பஸீல் சொன்னான்.

"கட தொறந்துதான் ஈக்கு மச்சான்," என்றான். "கடக்காரனத்தான் காணல்ல."

அப்படியென்றால் செத்துவிட்டதா என்று கேட்டேன். அதை நீதான் சொல்ல வேண்டும், உன் காசு என்றுவிட்டான்.

என்னால் சொல்ல முடியவில்லை சக்தி. இப்போதும் எழுதக் கை வரவில்லை. ரொம்ப வாடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளேன். நம் காசு போனதற்காக நான் இப்படி நிற்கவில்லை. அது செத்தது என்று நான் ஒரு தரம் சொல்லிவிட்டால் பதினொரு பேருக்கும் செத்ததுதானே. ரெங்கசாமி கங்காணி முகத்தில் எப்படி விழிப்பேன்? பென்ஷன் எடுத்த பிறகு அந்த மனிசனுக்கு வந்த காசில் ஒரு பங்கை "நிமலன் சொன்னா சரி" என்று ஒரே வார்த்தையில் எடுத்துப் போட்டார். போயாவன்று கடை பூட்டித்தான் இருந்தது. நான் மேல் அறையில் படுத்திருந்தேன். ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறினால் அவர்களில் யாராவது ஒருவர் இருப்பாரே என்று பயந்துதான் வரவில்லை.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உன்,
நிமலன்


ஸ்பிரிங்வெளி,
16.04.2025

என் நிமலனுக்கு,

வருஷப் பிறப்புக்கும் நீங்கள் வரவில்லை. தனுவுக்கு அனுப்பிய சட்டை அளவாக இருக்கிறது, எனக்கு அனுப்பிய சேலையும் நல்ல நிறம்தான். உடுத்திக்கொண்டு யாரிடம் காட்டுவது? கோவிலுக்குப் போனேன். வீட்டுக்காரர் எங்கே என்று ஏழு பேர் கேட்டார்கள், ஏழு பேருக்கும் லீக்ஸ் லொறி என்றேன். உங்கள் பொய்யை நான் சுமக்கிறேன், அது ஒன்றும் பாரமில்லை, ஆனால் எனக்கு அழுகை வந்தது.

போன கடிதத்தை வைத்து நான் சண்டை போடப் போவதில்லை. எட்டு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதியதிலும் சொன்னதிலும் அதுதான் நல்லது. பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பயந்தேன் என்று எழுதுகிற புருஷன் எனக்கு வாய்த்திருக்கிறார் என்று நினைத்தபோது, அந்தக் கோபத்திலும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வருஷம் பிறந்த மறுநாள் ரெங்கசாமி கங்காணி நம் வாசலுக்கு வந்தார். புதுக் காயினுக்கு மாற்றப் பணம் கட்ட வேண்டுமாமே, நிமலன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். எனக்குத் தெரியாது, அவரையே கேளுங்கள் என்றேன். போன் எடுக்கிறான் இல்லையே என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார், மாட்டுக்கு விலை பேசிவிட்டாராம். பசறையிலிருந்து ஆள் இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து பிடித்துப் போகிறதாம். அந்தக் காசைத்தான் கட்டப் போகிறார். பால் ஊற்றி வருகிற காசில்தான் அவரும் அவர் மனிசியும் சாப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நான் சொன்னால் அது சிவசக்தி சொன்னதாக இருக்கும், பயந்த பொம்பளை பேச்சு என்பார்கள். அவர்கள் நம்பிக் காசு போட்டது உங்கள் வாயை. இதை முடித்து வைக்க வேண்டியதும் அந்த வாய்தான்.

இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், பாருங்கள். வங்கியில் பணம் எடுக்கிற படிவம், என் கையெழுத்தோடு, உங்களுக்கு அதிகாரம் கொடுக்கிற கடிதத்தோடு. மீதிக் காசு முழுக்க அதில் இருக்கிறது. அந்தக் காயினுக்கு உயிர் இருக்கிறது என்று நீங்கள் உண்மையாக நினைத்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். நான் ஏன் என்று கேட்கமாட்டேன். தனு மேல் சத்தியம் பண்ணியிருக்கிறேன். நினைக்காவிட்டால் வந்து சொல்லுங்கள், என்னிடம் மட்டும் சொன்னால் போதாது.

இந்தத் தடவை கவரைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டவில்லை. தபால் கந்தோர் பசை போட்டு, ரிஜிஸ்தர் பண்ணி அனுப்புகிறேன். சுரேஸை இவ்வளவுக்கு நம்ப முடியாது.

சக்தி


வெலிமடை,
21.04.2025

சக்தி,

உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு கிழங்கு மூட்டை மேல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஸரூக் முதலாளி வந்து வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டார். இல்லை என்றேன். பெண்சாதி என்னை நம்பிக் காசு அனுப்பியிருக்கிறாள் என்றேன். அதற்கு ஏன் இப்படி முகம் என்றார்.

முன்னால் நீ தரமாட்டேன் என்று நின்றபோது எனக்குச் சுலபமாக இருந்தது. உன்னிடம் வாதாடினால் போதும், நானே முடிவு சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இப்போது என் கையில் வந்துவிட்டது. வங்கி கடைக்கு நேர் எதிரே. மூன்று தரம் வாசல் வரை போனேன்.

சனிக்கிழமை வருகிறேன். சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற நேரம் எல்லாரும் மடுவத்தில் இருப்பார்கள்தானே, அங்கேயே வந்து சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வீடு போனால் நாலாவது வாசலில் நான் மறுபடியும் கவ்வாத்து என்றுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு உடனே பஸ் ஏறிவிடுவேன், ஞாயிறு விடியலுக்குத் தம்புள்ளைக்குப் போகிற லொறிக்கு நிறுவை இருக்கிறது. இது பொய் இல்லை, சுரேஸையே கேட்டுப் பார்.

நீ அங்கே கூட்டத்தில் நில். பக்கத்தில் வர வேண்டாம். கண்ணில் பட்டால் போதும்.

நிமலன்


ஸ்பிரிங்வெளி,
28.04.2025

என்னுடையவருக்கு,

நீங்கள் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனிலும் சொல்லலாம்தான். ஆனால் இதை நீங்கள் இரண்டு தரம் படிக்க வேண்டும்.

நீங்கள் நிறுவைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, "அந்தக் காயின் செத்துப்போச்சு. கவ்வாத்துன்னு நான் சொன்னது தப்பு. பாத்துச் சொல்லல, சும்மா சொன்னேன். இனி ஒருத்தரும் ஒரு ரூவா கட்டாதீங்க" என்று சொன்னபோது உங்கள் கண் கூட்டத்தில் என்னைத் தேடியது இங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். இராக்கம்மா அக்கா திட்டியதை நீங்கள் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றீர்கள். பதில் பேசாமல் நின்றதற்கு நன்றி. அவளுக்குத் திட்ட வேண்டியிருந்தது. போனதை எடுத்துத் தர என்னிடம் இல்லை என்றும் ஒளிக்காமல் சொன்னீர்கள். ரெங்கசாமி கங்காணி உங்களைப் பார்க்கவே இல்லை. அதைத்தான் நீங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போன பிறகு மடுவத்தில் பெரிய சத்தம். ஒருவர் பொலிஸ் என்றார், ஒருவர் இனி இந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்கட்டும் பார்ப்போம் என்றார். நான் கொழுந்துச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லாம் எனக்குக் கேட்கத்தான் பேசினார்கள். அப்போது ரெங்கசாமி கங்காணி எழுந்தார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை என்பதால் எல்லாரும் நிறுத்தினார்கள்.

"நல்லா இருக்கு, போடுங்கன்னு சொல்ல இன்னும் நூறு பேரு வருவானுங்க," என்றார். "செத்துப்போச்சுன்னு சொல்ல, பஸ் ஏறி இவன் ஒருத்தன்தான வந்தான்."

அவ்வளவுதான் சொன்னார். நேரே வீட்டுக்குப் போய், பசறைக்காரருக்கு மாடு இல்லை என்று ஆள் அனுப்பிவிட்டார். நான் அழுதேன். மடுவத்திலேயே, எல்லாரும் பார்க்க. வெட்கமாகவே இல்லை. இத்தனை வருஷத்தில் உங்களை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை என்பதை எழுதிவிடுகிறேன், நேரில் கேட்டால் இல்லை என்பேன்.

வங்கிப் படிவத்தை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. நேற்றுக் காலை பதுளையிலிருந்து தகரம் வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. முப்பத்தாறு, எண்ணிப் பார்த்தேன். பின் அறைக்குப் போதாது, அது அடுத்த வருஷம். தனு தகரத்தின் மேல் ஏறிக் குதித்து லயமே அதிர்கிறது.

மே நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூரை ஏற்றுகிறோம். சனிக்கிழமையே வந்துவிடுங்கள், முதலாளியிடம் நான் எழுதிக் கேட்கவும் தயார். கை உதவிக்கு ஆள் வருமா என்று நான் யாரையும் கேட்கவில்லை, வாய் வரவில்லை. நேற்றுச் சாயந்தரம் கங்காணியே வந்து எத்தனை மணிக்குத் தொடக்கம் என்று கேட்டார். அவரோடு சேர்த்து உங்கள் பதினொரு பேரில் எட்டுப் பேர் வருகிறார்கள். இராக்கம்மா அக்கா சமைக்க வருகிறாள், திட்டிக்கொண்டேதான் சமைப்பாள், காதை மூடிக்கொள்ளுங்கள். மீதி மூன்று பேர் நம் வாசலைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அரிசி நான் பதினொரு பேருக்குத்தான் அளந்து வைத்திருக்கிறேன்.

உங்கள்,
சக்தி